மொனிற்றர் ஒன்று, கழுத்து இரண்டு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒன்ராறியோவில் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, எம்மவர்கள் பலர் மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு மூன்று கிழமைகளுக்குத்தானே என்று அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். இன்று அலுவலகத்துக்குப் போகத் தொடங்கிவிட்ட வீடுகளிற்கூட, கிழமையில் சில நாட்களாவது கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்வதைக் காண்கிறோம். வீட்டிலோ இடம் இல்லை. பேஸ்மன்றில் அல்லது படுக்கை அறையின் ஒரு மூலையில் ஒரு மேசை, அதில் ஒரு மொனிற்றர், அதற்கு இரண்டு மடிக்கணினிகள்.

ஒரு மொனிற்றரை இரண்டு பேர் பங்கிடுவது எப்படி என்று கேட்பவர்கள் வயரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது சுலபமான விடயம். பெரும்பாலான மொனிற்றர்களின் பின்புறத்தில் இரண்டு துவாரங்களாவது இருக்கும். ஒருவருடைய கணினியை எச்.டி.எம்.ஐ. வயரிலும் மற்றவருடையதை டிஸ்பிளே போர்ட் அல்லது யூ.எஸ்.பி.-சி வயரிலும் நிரந்தரமாகக் கொழுவி விட்டால், மொனிற்றரின் ஓரத்திலுள்ள பட்டனை அமர்த்தி யாருடைய படம் வரவேண்டும் என்று தெரிவு செய்யலாம். விசைப்பலகையையும் மவுசையும் சேர்த்து மாற்ற விரும்புபவர்கள் கே.வி.எம். சுவிச் என்ற சிறிய பெட்டியை வாங்கலாம். யூ.எஸ்.பி.-சி வயர் எல்லாமே படத்தைக் கடத்தாது, சில மின்னேற்ற மட்டுமே உதவும் என்பதைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். வேலைத்தலத்துக் கணினி என்றால் இப்படிக் கொழுவ அனுமதி உண்டா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

பட்டனை அமர்த்தினால் படம் மாறும். மொனிற்றரின் உயரமும் கதிரையின் உயரமும் மாறாது. ஆறடி உயரமான கணவருக்காகச் சரிசெய்த மேசையில் ஐந்தடி உயரமான மனைவி அமரும்போது, நாடியை மேலே தூக்கிக்கொண்டு, கால்கள் நிலத்தில் படாமல் மணிக்கணக்காக வேலை செய்கிறார். மொனிற்றர் கிடைக்காத நேரத்தில் அவர் கட்டிலிலோ குசினி மேசையிலோ மடிக்கணினியின் முன் குனிந்திருக்கிறார். நாம் பார்த்தவரையில், பெரும்பாலான வீடுகளில் விட்டுக்கொடுப்பவர் பெண்தான். பின்னேரம் கழுத்து நோ, தோள்மூட்டு இறுக்கம், தலையிடி என்று தைலம் பூசுபவரும் அவரேதான்.

மடிக்கணினியின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு நேரே உயர்த்தினால் தோள் உயரும். எமது தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது முள்ளந்தண்டு அதைச் சிரமமின்றித் தாங்கிக்கொள்கிறது. குனியக் குனிய நிலைமை வேறு. நியூயோர்க்கைச் சேர்ந்த முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கெனத் ஹான்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணிப்பின்படி, தலை 15 பாகை குனியும்போது கழுத்தில் விழும் சுமை ஏறத்தாழ 12 கிலோ, 30 பாகையில் 18 கிலோ, 60 பாகையில் 27 கிலோ. இது மாதிரியை வைத்துக் கணக்கிட்ட எண்தான், ஒவ்வொருவரிலும் அளந்து பார்த்ததல்ல. ஆனாலும் ஒரு மூடை அரிசியைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு மின்னஞ்சல் எழுதுவதை நினைத்துப் பாருங்கள்!

என்ன செய்யலாம்?

முதலில், மொனிற்றர் இல்லாமல் இருப்பவரைக் கவனிப்போம். நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மடிக்கணினியை வைத்து, தனியான விசைப்பலகை ஒன்றையும் மவுஸ் ஒன்றையும் கொழுவிக் கொடுங்கள். பெரிய செலவில்லை. மொனிற்றர் வைத்திருப்பவருக்கு உள்ள வசதியில் பெரும்பகுதி இவருக்கும் கிடைத்துவிடும். வீட்டில் இதை மட்டும் செய்தாலே போதும் என்றுகூடச் சொல்லுவோம்.

மொனிற்றரை மேசையின் நடுவில் வைத்து, இரு பக்கத்திலும் இருவர் இருந்து பார்ப்பது நியாயமான பங்கீடாகத் தோன்றும். அப்போது இருவரும் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியபடி இருப்பார்கள். யாருடைய முறையோ அவருக்கு நேர் எதிரே, ஒரு கை நீளத் தூரத்தில் திரை இருக்கவேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். முழங்கை மேசை மட்டத்தில் வரும்படி கதிரையை உயர்த்துங்கள். அப்போது கால் எட்டாதவர்கள் ஒரு உறுதியான பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். மொனிற்றரின் தாங்கியில் இருவருடைய உயரத்துக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால், ஒவ்வொரு தடவையும் அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

பைபோக்கல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி அணிபவர்களுக்கு மேலே சொன்ன கண்மட்டக் கணக்குப் பொருந்தாது. கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்ப்பதற்காக அவர்கள் தலையைப் பின்னே சாய்ப்பார்கள். அவர்களுக்கு மொனிற்றரை நன்றாக இறக்கி, திரையைச் சற்றுப் பின்புறம் சாய்த்துவிடவேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய தம்பதிகளில் ஒருவர் மட்டும் இத்தகைய கண்ணாடி அணிந்தால், இந்த நாடா அடையாளம் மிகவும் உதவும்.

முறையை எப்படிப் பிரிப்பது? சிறிய எழுத்துகளும் எண்களும் பார்க்கும் வேலை யாருக்கு உள்ளதோ அவருக்கு அந்த நேரத்தில் பெரிய திரை. தொலைபேசியில் பேசும் வேலை உள்ளவர் காதுக்கருவி அணிந்து எழுந்து நடந்தபடி பேசலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம் மாறுவது இடைஞ்சல் என்று நினைக்கவேண்டாம். அந்தச் சாட்டிலாவது இருவரும் எழும்பி நடப்பார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பின் அசையாமல் இருப்பது நீரிழிவு உள்ளவர்களுக்கு நல்லதல்ல என்பது எம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் பெரிய திரை தேவைப்பட்டால், தயங்காமல் இன்னொன்றை வாங்குங்கள். 20 முதல் 64 வயது வரையானோரின் பிசியோதெரபிக்கு ஓஹிப் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. இரண்டொரு தடவை அங்கு போகும் காசுக்குப் பாவித்த மொனிற்றர் ஒன்று கிடைக்கும்.

கண்ணும் கையும்

திரையைப் பார்க்கும்போது நாம் கண்ணிமைப்பது குறைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஹீற்றரின் வறண்ட காற்றும் சேர்ந்தால் கண் எரியும், உறுத்தும். சூடான காற்று வரும் துவாரத்துக்கு நேரே மேசையைப் போடாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடிகள் பாருங்கள். பேஸ்மன்றில் இருபது அடி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். படியேறி வந்து யன்னலால் வெளியே பாருங்கள். 2004 நவம்பருக்குப் பின்னர் 20 முதல் 64 வயதுவரை உள்ளவர்களின் வழமையான கண் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் கொடுப்பதில்லை. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை அது இலவசம். பலர் இதனை அறியாமல் தவறவிடுகிறார்கள்.

விரல்கள் விறைப்பது, கையில் பலம் குறைவது, கழுத்து நோ கைக்கு இறங்குவது ஆகியவை தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. இடது கை, தோள், தாடை ஆகியவற்றில் திடீரென வரும் நோவை, அதுவும் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், ஓங்காளம் ஆகியவற்றுடன் வந்தால், கணினியில் இருந்ததால் வந்தது என்று தைலம் பூசிவிட்டுப் படுக்காதீர்கள். பெண்களுக்கு நெஞ்சு நோ இல்லாமலேகூட இந்த அறிகுறிகள் வரலாம். உடனே 911ஐ அழையுங்கள். தாமாகக் காரை ஓட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போவது வேண்டாம்.