கொட்டிலும் முகாமும்: மடுவிலிருந்து ஒரு குறிப்பு

எங்கட பக்கத்துக் கத்தோலிக்கர் "மடுவுக்குப் போறம்" எண்டு சொன்னால் அது காலமை போய்ப் பின்னேரம் திரும்புற பயணமில்லை. தறப்பாள், கயிறு, சட்டி பானை எல்லாம் கட்டிக்கொண்டு போய், மருதமடுக் காட்டுக்குள் கொட்டில் போட்டு நாட்கணக்கில் தங்குவார்கள். ஆகஸ்ட் 15ஆம் திகதி ஆவணித் திருவிழா முடிந்த பிறகுதான் வீடு.

மடுவின் கதையே இடம்பெயர்வில்தான் தொடங்குகிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒதுங்கின என்பது மரபு. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது அதே வளவு ஆயிரக்கணக்கான அகதிகளின் புகலிடமானது. 1999 நவம்பரில் அங்கே எறிகணை விழுந்து, அடைக்கலம் தேடி வந்தவர்களே செத்துப்போனார்கள். 2008 ஏப்ரலில் சொரூபமும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஆகஸ்டில் திரும்பி வந்தது. மாதாவும் எங்களோட அலைஞ்சவதான்.

ஆக, ஒரே நிலம், ஒரே தறப்பாள். ஒரு காலத்தில் திருவிழா, இன்னொரு காலத்தில் முகாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

விவிலியத்தில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. லேவியர் 23ஆம் அதிகாரம் கூடாரப் பெருவிழாவை விளக்குகிறது. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் கூடாரங்களில் இருந்ததைப் பிள்ளைகள் அறியவேண்டும். அதற்காக, வீடு உள்ளவர்களும் ஏழு நாள் கூடாரத்தில் தங்கவேண்டும். அகதி வாழ்வின் நினைவைத்தான் அங்கே விழாவாக்கியிருக்கிறார்கள். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், வாக்கு நம்மிடையே குடிகொண்டது என்று வரும் இடத்திலும், கிரேக்க மூலச்சொல்லுக்கு 'கூடாரம் அடித்தார்' என்றே பொருள். கடவுள் கல்வீட்டுக்காரராக வரவில்லை என்று நான் இதை வாசிப்பதுண்டு.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். 2009இல் வவுனியாப் பக்கத்து முகாமொன்றில் மாதக்கணக்காய் இருந்தவ அவ. தண்ணிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை, பருப்புக்கும் கோதுமை மாவுக்கும் வரிசை. அதுக்குப் பிறகு மடுவுக்குப் போனாலும் பூசை கண்டிட்டு அண்டைக்கே திரும்பிவிடுவா. "தறப்பாளுக்குக் கீழ இனிப் படுக்கமாட்டன்" எண்டு ஒரே பிடி.

நான் சொல்லி முடித்ததும் அம்மா ஒரு கேள்விதான் கேட்டா: "அந்த ஏழு நாள் முடிய அவங்கள் வீட்ட போகலாந்தானே?"

அங்கேதான் என் விளக்கத்தின் ஓட்டை தெரிந்தது. கூடாரத்தில் கடவுள் இருக்கிறார் என்பது உண்மை. ஆனால் வெளியே போக முடியாதவனிடம் அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஆறுதல் இல்லை, கம்பிவேலிக்கு வெள்ளையடிக்கிற வேலை. எகிப்திலிருந்து வெளியேற்றிய பிறகுதானே விழாவைக் கொண்டாடச் சொன்னார்!

போன ஆவணிக்கு அம்மா வந்தா. பக்கத்துக் கொட்டில் நீர்கொழும்புச் சிங்களக் குடும்பத்துக்குச் சொதி குடுத்தா, அவை கருவாட்டுக் குழம்பு தந்தவை. இரவில் இரண்டு தரம் எழும்பித் தண்ணிக் கானைத் தொட்டுப் பார்த்தா. நான் ஒன்றும் கேட்கவில்லை.

திருவிழா முடிந்து தறப்பாளைக் கழற்றப் போனேன். "விடு, கயித்தை நான் அவிழ்க்கிறன்" எண்டா.