சோர்வு போக்கும் பச்சிலை யாருடையது?

கேரளத்தில் வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் கல்லாறு இருக்கிறது. 2018இல் பத்மஸ்ரீ பெற்ற காணி இன வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவின் காடு அது. ஏட்டில் எழுதாமல் நூற்றுக்கணக்கான மருந்துகளை நினைவிலேயே வைத்திருந்தவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். அப்படிப்பட்ட அறிவு ஆய்வுக்கூடத்துக்குப் போனால் என்ன நடக்கும்? இதே அகத்தியமலைக் காணிகளின் ஆரோக்கியப்பச்சைச் செடி அதற்கு நல்ல சான்று.

1987இல் புஷ்பாங்கதன் தலைமையிலான தாவரவியல் குழு மலையேறியது. வழிகாட்டிகளான குட்டிமாத்தன் காணியும் மல்லன் காணியும் ஒரு சிறு காயை அவ்வப்போது மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். மூச்சு வாங்கியவர்களுக்கும் கொடுத்தார்கள், களைப்பு விலகியது. செடியைக் காட்ட முதலில் அவர்களுக்கு மனமில்லை. பலமுறை கேட்ட பிறகே காட்டினார்கள். டிரைக்கோபஸ் சைலானிக்கஸ் என்று தாவரவியலார் அதற்கு எப்போதோ பெயர் வைத்திருந்தார்கள். அதன் மருத்துவ குணம்தான் வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தது.

சோதனையில் எலிகளுக்கு அதைக் கொடுத்து நீந்தவிட்டுப் பார்த்தார்கள். கூடுதல் நேரம் நீந்தின. காணிகள் தின்றது காயை. இலையிலும் பலன் உண்டு என்று ஆய்வு காட்டியது. எனக்கு இதுவே முக்கியமான கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. காயைப் பறித்தால் விதை போய்விடும், இலை மறுபடி துளிர்க்கும். வித்துராவுக்கு அருகிலுள்ள பாலோடு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது.

1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீத ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிலையமே முடிவு செய்தது. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002இல்தான். அதாவது, சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே பங்கு கொடுத்தார்கள். 1997இல் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. ஆனாலும், எல்லாருக்கும் பொதுவான அறிவைச் சிலர் மட்டும் எப்படிக் கொடுக்கலாம் என்று காணி மூப்பர்கள் சிலர் எதிர்த்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஒப்பந்தம் பேசும்போது சமூகம் முழுவதையும் உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் இலை. இந்தச் செடிக்கு மரநிழலும் காட்டு ஈரமும் வேண்டும். காட்டைவிட்டு வெளியே வளர்த்தால் மருந்துக் குணம் குறைந்துவிடுகிறது. காட்டில் பறிக்கவோ வனத்துறை தடை போட்டது. மருந்து உற்பத்தி தடுமாறியது இதனால்தான். மூலிகைகள் உள்ளிட்ட சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடிகளுக்கு வன உரிமைச் சட்டம் பிறகு, 2006இல்தான் ஏற்றுக்கொண்டது.