சிறு நிறுவனங்களிடமிருந்து கைமாறிய அலைக்கற்றை: 44 உரிமங்களும் இருவர் வசம்

புது தில்லி: மும்பை காட்கோபரின் மேற்கே, அசல்பா குன்றுச் சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக நெருங்கி நிற்கின்றன. தெருவைத் தோண்டி கேபிள் பதிப்பது எளிதல்லாத இத்தகைய பகுதிகளுக்கு ஏற்றது கம்பியில்லா இணைய சேவை. ஆனால் அதற்குரிய அலைக்கற்றையைச் சிறிய நிறுவனங்களால் தக்கவைத்துக் கொள்ள இயலவில்லை என்பதையே 2010-ஆம் ஆண்டு ஏலத்தின் வரலாறு காட்டுகிறது.

அகண்ட அலைவரிசை சேவைக்காக மத்திய அரசு அவ்வாண்டு நடத்திய ஏலத்தில், நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் வட்டத்துக்கு இரண்டு வீதம் 44 உரிமங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. இணைய சேவை உரிமம் பெற்ற நிறுவனங்களும் பங்கேற்கலாம் என விதி இருந்தது. அரசுக்குச் சுமார் ரூ.38,543 கோடி கிடைத்தது.

22 வட்டங்களிலும் உரிமம் வென்ற ஒரே நிறுவனம், அதிகம் அறியப்படாத இன்ஃபோடெல். அது ஏலத்தில் கேட்ட தொகை ரூ.12,848 கோடி. ஏலம் முடிந்த 2010 ஜூன் 11 அன்றே, அதன் 95 சதவீதப் பங்குகளை ரூ.4,800 கோடிக்கு வாங்குவதாக ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் அறிவித்தது. அந்நிறுவனமே பின்னர் ஜியோ ஆனது.

அலைக்கற்றையைத் தனியே விற்க அப்போது சட்டத்தில் இடமில்லை. நிறுவனத்தை விற்கத் தடையில்லை. மும்பை, தில்லி உள்ளிட்ட நான்கு வட்டங்களில் குவால்காம் பெற்ற உரிமங்களும், மத்தியப் பிரதேசத்தில் ஆகெர் பெற்ற உரிமமும் இவ்வழியிலேயே ஏர்டெல்லிடம் சென்றன.

அலைக்கற்றை வர்த்தகத்துக்கான நெறிமுறைகள் 2015 அக்டோபரில்தான் வெளியாயின. அதன் பிறகு, தமிழகம் உட்பட எட்டு வட்டங்களில் ஏர்செல் வைத்திருந்த அலைக்கற்றையை ரூ.3,500 கோடிக்கு வாங்க 2016-இல் ஏர்டெல் ஒப்பந்தம் செய்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டிகோனாவின் ஐந்து வட்ட 4ஜி வணிகத்தையும் 2017-இல் சுமார் ரூ.1,600 கோடிக்கு வாங்க முன்வந்தது. ஏலத்தில் தானே வென்ற நான்கையும் சேர்த்தால் ஏர்டெல்லுக்கு 22, ஜியோவுக்கு 22.

தரவு சேவைக்கான இந்த அலைக்கற்றையில் குரல் அழைப்பு வழங்க 2013-இல் ரூ.1,658 கோடி கட்டணத்தில் ஜியோவுக்கு அனுமதி தரப்பட்டது. இதனால் அந்நிறுவனத்துக்கு ரூ.3,367 கோடி தகாத ஆதாயம் கிடைத்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015-இல் குறிப்பிட்டார். எனினும், அனுமதியை எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2016 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. 2ஜி விவகாரம் தமிழக அரசியலைக் குலுக்கிய அளவுக்கு இது விவாதிக்கப்படவில்லை.

அலைக்கற்றை மக்களின் சொத்து என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பயன்படுத்தாத அலைக்கற்றையைத் திரும்பப் பெற 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 2010 உரிமங்களின் 20 ஆண்டுக் காலம் 2030-இல் முடிகிறது. மறு ஏலத்தில் சிறு நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கப்படுமா என்பதை அதற்கு முன்னரே அரசு தீர்மானித்தாக வேண்டும்.