சுஜாதாவின் ‘காயத்ரி’: எழுத்துச் சாட்சியமும் காட்சிச் சாட்சியமும்

முன்னுரை

தமிழ்த் துப்பறியும் புனைகதைக்கும் திரைப்படத்திற்குமான உறவு நெடியது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘திகம்பர சாமியார்’ 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாகத் திரைக்கு வந்தது. சுஜாதாவின் (1935–2008) ‘காயத்ரி’ தினமணி கதிரில் தொடராக வெளிவந்து, 1977-இல் பஞ்சு அருணாசலத்தின் எழுத்திலும் ஆர். பட்டாபிராமனின் இயக்கத்திலும் திரைப்படமாயிற்று. ஸ்ரீதேவி, ரஜினிகாந்த், ஜெய்சங்கர் ஆகியோர் நடித்தனர். ஊடகம் மாறும்போது குற்றத்தின் பொருளும் மாறுகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குற்றம் நிகழும் இடம்

புதுமணப்பெண் ஒருத்தி புகுந்த வீட்டின் மர்மத்தைச் சிறிது சிறிதாக உணர்கிறாள். மனைவி அறியாமலேயே அவளது அந்தரங்கத்தைக் கணவன் படம்பிடித்து விற்கிறான் என்பதே அம்மர்மம். வழக்கமான துப்பறியும் கதையில் குற்றம் வெளியிலிருந்து வீட்டிற்குள் நுழையும். வீடு காவலாக நிற்கும். இங்கு வீடே குற்றத்தின் களம். காவலன் என்று ஊரறிய ஏற்கப்பட்டவனே குற்றவாளி. ‘நுவார்’ எனப்படும் இருண்மைப் புனைவுக்கு உரிய நம்பிக்கைச் சிதைவு இதுவே.

நாவலின் சாட்சியம்

நாவலில் காயத்ரியை அவளது கையெழுத்துப் பக்கங்கள் வழியாகவே முதலில் அறிகிறோம். அவள் எழுதியது உண்மையா, மனப்பிரமையா, கற்பனையா என்னும் ஐயமே கதையின் விசை. வழக்கறிஞர் கணேஷும் அவரது உதவியாளர் வசந்தும் அந்த ஐயத்தோடுதான் அவளை அணுக இயலும். வாசகர் நிலையும் அதுவே. ஒரு பெண்ணின் சொல்லை நம்புவதா என்னும் வினா, இவ்வாறு கதைக்கருவாக மட்டுமன்றிக் கதையமைப்பாகவும் ஆகிறது.

திரைப்படத்தின் சாட்சியம்

டாஃப்னி டு மாரியேயின் ‘ரெபெக்கா’ (1938) இங்கு ஒப்பிடத்தக்கது. நாவலில் கணவன் செய்த கொலை, ஹிட்ச்காக்கின் 1940 திரைப்படத்தில் அமெரிக்கத் தணிக்கை நெறிகளின் பொருட்டு விபத்தாக மாற்றப்பட்டது. ‘காயத்ரி’ திரைப்படம் குற்றத்தை மாற்றவில்லை, சாட்சியத்தையே மாற்றுகிறது. எழுத்தை வாசித்து ஐயுற்றவர், இப்போது காட்சியைக் கண்டு நம்புகிறார். இது காயத்ரிக்குக் கிடைத்த நியாயமே. ஆயினும் அதற்கொரு விலை உண்டு. நாவலில் அவள் தன்னைத் தானே எழுதிக்கொண்டவள். திரையில் பிறரால் காணப்படுபவள். குற்றத்திற்குக் கருவியான ஒளிப்படக்கருவியே கதை சொல்லும் கருவியாகவும் அமைவதால், மறைந்திருந்து பார்ப்பவனின் இடத்திற்குப் பார்வையாளர் தம்மை அறியாமலே நகர்த்தப்படுகிறார். மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ (1960) இச்சிக்கலையே தன் பொருளாக்கிக்கொண்டது. ‘காயத்ரி’ திரைப்படத்தில் அது பேசப்படாத முரணாக எஞ்சுகிறது.

முடிவுரை

பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படம்பிடிப்பதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி பிரிவின்கீழ்த் தனிக்குற்றமானது 2013-இல்தான். இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவாக உள்ளது. சட்டம் பெயரிடுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே வெகுசன இதழின் தொடர்கதையொன்று அக்குற்றத்தைப் பாதிக்கப்பட்டவளின் கையெழுத்தில் பதிவுசெய்திருக்கிறது. ‘வணிக எழுத்து’ என ஆய்வுலகம் ஒதுக்கிய பரப்பில் இத்தகைய சமூக ஆவணங்கள் உள்ளன என்பதும், தழுவலாய்வு கதைமாற்றங்களைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், யார் சொல்கிறார், யார் பார்க்கிறார் என்பதையும் வினவ வேண்டும் என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன.