டிரெவர் நோவாவின் தன்வரலாற்றில் நகையும் அழுகையும்

நகைச்சுவையாளர் எழுதிய தன்வரலாறு என்றவுடன் மேடைத் துணுக்குகளின் தொகுப்பையே பலரும் எதிர்பார்ப்பர். தென்னாப்பிரிக்க நகைச்சுவையாளர் டிரெவர் நோவா 2016-இல் வெளியிட்ட ‘போர்ன் எ கிரைம்’ என்னும் ஆங்கில நூல் அவ்வெதிர்பார்ப்பைத் தொடக்கத்திலேயே கலைத்துவிடுகிறது. நூலின் முகப்பில் நிற்பது ஒரு சட்டத்தின் வாசகம். ஐரோப்பியருக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் இடையே திருமணத்திற்குப் புறம்பான உறவைத் தடைசெய்த 1927-ஆம் ஆண்டுச் சட்டம், ஆணுக்கு ஐந்தாண்டு வரையிலும் பெண்ணுக்கு நான்காண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதித்தது. கோசா இனத் தாய்க்கும் சுவிட்சர்லாந்து நாட்டுத் தந்தைக்கும் 1984-இல் பிறந்த நோவா, அக்குற்றத்தின் உயிருள்ள சான்றாவார். இனக்கலப்புத் தடை 1985-இல் நீங்கியபோதும் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த சட்டம் 1991 வரை நீடித்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைக்கிறார். நோவாவின் நூலிலோ இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியில் குடியிருக்கின்றன. பூங்கா ஒன்றில் சிறுவன் தந்தையை உரக்க அழைத்தவாறு ஓடுகிறான். பிறர் பார்த்துவிடுவரோ என அஞ்சித் தந்தை விலகி ஓடுகிறார். அதனை விளையாட்டென எண்ணிய சிறுவன் மேலும் துரத்துகிறான். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் தொல்காப்பியர் சுட்டும் இளமையும் பேதைமையும் இங்குப் பொருந்தக் காணலாம். ஆயினும் சிரிப்பது வாசகர் மட்டுமே; ஓடுகின்ற தந்தைக்கு அது அச்சம். சிறுவனின் அறியாமையை அப்படியே விட்டுவைத்து, விளக்கவுரை எதுவும் இடையில் புகாமல் ஆசிரியர் இக்காட்சியைக் கூறுவதே இதன் வலிமை எனலாம். தாயுடன் வெளியே செல்லும்போதும் இதே நிலைதான். கலப்பினப் பெண்ணொருவர் தாயைப் போல் உடன் நடக்க, பெற்ற தாய் வேலைக்காரியைப் போல் பின்தொடர்வார்.

மொழி ஆசிரியர்கள் ஊன்றிக் கற்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. தம்மைக் கொள்ளையிடச் சூலு மொழியில் திட்டமிட்ட இளைஞர்களிடம் நோவா அம்மொழியிலேயே திரும்பி, நாம் சேர்ந்தே வேறு எவரையேனும் கொள்ளையிடலாமே என்கிறார். அவர்கள் மன்னிப்புக் கேட்கின்றனர். ‘பல மொழி கற்றல் நன்று’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு இக்காட்சியைக் கடந்துவிடுவது எளிது. தோலின் நிறத்தால் அயலானாகக் கருதப்பட்டவன் ஒரே தொடரில் உறவினனாகிறான் என்பதன்றோ ஈண்டு நோக்கத்தக்கது? வாழ்க்கைப் பாடங்களைப் பட்டியலாக்கும் நம் வகுப்பறை வழக்கத்திற்கு இந்நூல் எளிதில் இடம் தருவதில்லை. அவ்வாறு பிழிந்தெடுத்தால் எஞ்சுவது சக்கை மட்டுமே.

குறுந்தட்டு விற்பனை குறித்த இளமைக்காலப் பகுதிகள் சற்று நீண்டுவிட்டன. அக்குறையை இறுதி இயல் ஈடுசெய்கிறது. 2009-இல் நோவாவின் தாய் பாட்ரீசியா, தாம் மணந்து பிரிந்த கணவரால் சுடப்படுகிறார். தலையின் பின்புறம் பாய்ந்த குண்டு மூக்கின் வழியே வெளியேறியும் உயிர் பிழைக்கிறார். மருத்துவமனைப் படுக்கையருகே அழுதுகொண்டிருந்த மகனிடம், இனிமேல் குடும்பத்தில் அழகன் நீதான் என்னும் பொருள்படக் கேலி செய்கிறார். நூல் முழுவதும் மகனுடையது என நாம் கருதிவந்த நகைச்சுவை யாரிடமிருந்து வந்தது என்பது அப்போதுதான் புலனாகிறது.