இலவச வி.பி.என். செயலி: கைபேசியில் பதியுமுன் யோசிக்க வேண்டும்

ஈரோட்டில் மஞ்சள் என்ன விலைக்குப் போயிற்று, அவல்பூந்துறை ஏலத்துக்குக் கொப்பரை எத்தனை மூட்டை வந்தது, பி.ஏ.பி. வாய்க்காலில் அடுத்த சுற்றுத் தண்ணீர் எப்போது என்பதையெல்லாம் கொங்கு நாட்டு விவசாயி இன்று தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்தபடியே கைபேசியில் தெரிந்துகொள்கிறார். 2018-ஆம் ஆண்டு தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலி அதில் இருக்கிறது. பி.எம். கிசான் தவணை வந்து சேர்ந்த செய்தி அதில்தான் வருகிறது. வங்கிக் கணக்கு, ஆதார் ஓ.டி.பி., சிட்டா நகல், தீவனக் கடைக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு எல்லாம் அந்த ஒரே கருவிக்குள் அடக்கம். முன்பு பத்திரங்களை வைத்துப் பூட்டிய இரும்புப் பெட்டிக்கு இருந்த இடம் இப்போது கைபேசிக்கு வந்துவிட்டது.

ஆனால் இரும்புப் பெட்டியின் சாவியை யாரும் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்ததில்லை. கைபேசி அப்படியல்ல. பால் ஊற்றிவிட்டு வந்து தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்ததும், அது பையனின் கைக்குப் போய்விடுகிறது.

"ஏங்கண்ணு, மேல ஏதோ சாவியாட்டத் தெரியுதே, அது என்னது?"

"அது வி.பி.என்.னுங்கப்பா. ஃப்ரீதானுங்க, காசெல்லாம் கேக்காதுங்க."

காசு கேட்காது என்றதும் தகப்பனாரும் விட்டுவிடுகிறார். பல வீடுகளில் பேச்சு இத்தோடு முடிகிறது. அந்தச் சிறிய சாவிப் படத்துக்கு என்ன பொருள் என்பதை ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் தெரிந்துகொள்வது அவசியம்.

குழாயும் தொட்டியும்

வி.பி.என். என்பதைப் பாசனத்தை வைத்தே எளிதில் விளங்கிக்கொள்ளலாம். திறந்த வாய்க்காலில் ஓடும் தண்ணீரைக் கரையில் நிற்பவர் எவரும் பார்க்கலாம். அதையே பூமிக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோனால் வழியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. கைபேசியிலிருந்து போகும் தகவலை இப்படி ஒரு மூடிய குழாயில் விட்டு, வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்து, அங்கிருந்து வெளியே அனுப்புவதுதான் வி.பி.என். செய்யும் வேலை. நாம் பார்க்கும் இணையதளத்துக்கு நாம் பொள்ளாச்சியில் இருப்பது தெரியாது. சிங்கப்பூரிலிருந்து வருவதுபோலத் தோன்றும். செல்போன் கம்பெனிக்கும் நாம் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது தெரியாது.

சரி, குழாய் போய் விழுகிற தொட்டி யாருடையது? தொட்டிக்காரருக்கு எல்லாம் தெரியும். எத்தனை மணிக்கு, எந்தத் தளத்துக்கு, எவ்வளவு நேரம் என்பது அவர் கண்ணில் படாமல் போகாது. ஆக, வி.பி.என். போட்டதால் நாம் மறைந்துவிடுவதில்லை. உரிமம் பெற்று நம் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் செல்போன் கம்பெனியிடமிருந்த விவரத்தை எடுத்து, முகம் தெரியாத ஒருவரிடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தத் தொழில்நுட்பமே கெட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் மகள் தோட்டத்து வீட்டிலிருந்து பணி செய்யும்போது, கம்பெனி கொடுத்த வி.பி.என். வழியாகத்தான் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறாள். அங்கே தொட்டி அந்தக் கம்பெனியுடையது. அதில் கோளாறு இல்லை.

பையன்கள் இதைத் தேடிப் போவதற்குக் காரணம் வேறு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வாசலை அடைத்தால் வேலியில் சந்து தேடுவது இளவயதின் இயல்பு. அந்தச் சந்துதான் இலவச வி.பி.என்.

இலவசம் எப்படிக் கட்டுப்படியாகிறது?

பல நாடுகளில் கம்ப்யூட்டர்களை இரவு பகலாக ஓட்ட வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் என்று செலவு உண்டு. பயன்படுத்துபவர் காசு தருவதில்லை என்றால் வேறு எங்கிருந்தோ வரவு இருந்தாக வேண்டும். பல்லடம் பகுதியில் ஒப்பந்தக் கறிக்கோழிப் பண்ணை நடத்துபவர்களுக்கு இது எளிதில் புரியும். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கிறது. கோழியின் பார்வையில் எல்லாம் இலவசம்தான்!

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒனாவோ. இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த இந்தச் செயலிக் கம்பெனியை ஃபேஸ்புக் 2013-இல் விலைக்கு வாங்கியது. ‘உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்’ என்று சொல்லி இலவசமாகக் கொடுத்தது. மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பது அதன் வழியே ஃபேஸ்புக்குக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எந்தப் போட்டிக் கம்பெனி வளர்கிறது என்பதைக் கணிக்க அது பயன்பட்டது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து அது போயிற்று; 2019-இல் ஃபேஸ்புக் அதை மூடிவிட்டது. இதைப் பற்றிப் பயனாளிகளுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023 ஜூலையில் அதன் இரு துணைக் கம்பெனிகளுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பேர்பெற்ற கம்பெனி என்பதால் நீதிமன்றம்வரை இழுக்க முடிந்தது. பெயரும் முகவரியும் இல்லாத செயலிக்காரரை எங்கே தேடுவது?

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் பிற பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து ஆண்ட்ராய்டு கைபேசிக்கான 283 வி.பி.என். செயலிகளை ஆய்வு செய்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 75 சதவீதம் செயலிகளில் பயன்படுத்துபவரைப் பின்தொடரும் வெளியார் நிரல்கள் இருந்தன. குறுஞ்செய்தி, கணக்கு விவரம் போன்ற அந்தரங்கமானவற்றைப் பார்க்க அனுமதி கேட்டவை 82 சதவீதம். 38 சதவீதம் செயலிகளில் தீங்கு செய்யும் நிரலின் அறிகுறி காணப்பட்டது. எல்லாவற்றிலும் வியப்பு, 18 சதவீதம் செயலிகள் தகவலைப் பூட்டவே இல்லை என்பது. குழாய் என்று சொல்லித் திறந்த வாய்க்காலைக் காட்டியது போன்றது இது! அந்த 283 செயலிகளில் கால்வாசிக்குப் பயனாளிகள் நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் கொடுத்திருந்தார்கள். விதையின் முளைப்புத்திறனைப் பையின் வண்ணப் படத்தைப் பார்த்துக் கணிக்க முடியாது. நட்சத்திரத்தைப் பார்த்துச் செயலியைக் கணிப்பதும் அதே கதைதான். ஆய்வு பழையதாயினும் அது காட்டிய குறைகள் பின்னரும் தொடர்ந்தன. ‘எந்தப் பதிவும் வைப்பதில்லை’ என்று விளம்பரம் செய்துவந்த ஏழு இலவச வி.பி.என். செயலிகளின் பதிவுகள், பயனாளிகளின் விவரங்களோடு, 2020 ஜூலையில் இணையத்தில் காவலின்றித் திறந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

நம் இணைப்பில் பிறர் செய்யும் வேலை

தகவல் போவது ஒருபுறம் இருக்க, இதைவிடத் தொல்லை தரக்கூடிய ஒன்று உண்டு. சில இலவச வி.பி.என்.கள் நம் இணைப்பையே பிறருக்கு வாடகைக்கு விடுகின்றன. ஹோலா என்ற செயலி தன் பயனாளிகளின் இணைப்பை இவ்வாறு விற்றுவந்தது 2015-இல் வெளியாயிற்று. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை ‘911 எஸ்5’ என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க்வி.பி.என்., டியூவி.பி.என். போன்ற இலவச நிரல்களைக் கம்ப்யூட்டரில் பதிந்தவர்களின் இணைப்புகள்தான் அந்த வலையமைப்பு. ஏறத்தாழ 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் இணைய முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. மோசடிக்காரர்கள் அவற்றை வாடகைக்கு எடுத்துக் கைவரிசை காட்டினார்கள்.

இதை ஊர் வழக்கில் சொல்வதானால், நம் மின் இணைப்பிலிருந்து நமக்குத் தெரியாமல் ஒருவர் கொக்கி போட்டு மோட்டார் ஓட்டுவதற்கு ஒப்பாகும். விசாரணை வந்தால் முதலில் இணைப்பு யார் பேரில் என்றுதான் பார்ப்பார்கள். இணைப்போ தகப்பனார் பேரில் இருக்கும்.

வங்கிப் பணம் போய்விடுமா?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. வங்கிச் செயலிகள் தகவலைத் தாமே பூட்டித்தான் அனுப்புகின்றன. எனவே வி.பி.என். குழாயில் போவதாலேயே கடவுச்சொல் களவு போய்விடாது. வீண் பீதி வேண்டாம். ஆபத்து, செயலி கேட்கும் அனுமதியில் இருக்கிறது. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கொடுத்தால் ஓ.டி.பி.யைப் படிக்கவும் அனுமதி கொடுத்ததாகிறது. திரையைப் பார்த்து இயக்கும் அனுமதி கொடுத்தால் கைபேசியையே ஒப்படைத்ததற்குச் சமம். பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த போலிச் செயலிகளும் குறுஞ்செய்தி அனுமதியைப் பிடித்துக்கொண்டுதான் பணத்தை எடுத்தன.

பணம் போகாவிட்டாலும் விவரம் போகிறது. நகைக் கடன் வட்டியை எத்தனை முறை தேடினோம், எந்த ஆஸ்பத்திரியின் தளத்தைப் பார்த்தோம், பையன் இரவு ஒரு மணிக்கு எந்த ஆட்டத்தில் இருந்தான் என்பனவற்றை ஒன்று சேர்த்தால் ஒரு குடும்பத்தின் கஷ்டநஷ்டம் முழுதும் தெரிந்துவிடும். கூடப்பிறந்தவர்களிடமே சொல்லத் தயங்கும் சங்கதிகள் இவை.

இந்தியாவில் பொதுவாக வி.பி.என். வைத்திருப்பது குற்றமல்ல. ஜம்மு-காஷ்மீரின் சில மாவட்டங்களில் அவ்வப்போது ஆட்சியர்கள் தடை விதித்ததுண்டு. சேவை தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டது. அதன் பிறகு, கட்டணம் வாங்கும் சில முன்னணி நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. 2025 தொடக்கத்தில் சில வி.பி.என். செயலிகள் கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்தும் நீக்கப்பட்டன. கடையில் இல்லை என்றால் வேறெங்கோ கிடைக்கும் ஏ.பி.கே. கோப்பை இறக்கிப் பதிகிறார்கள். இது மிகவும் கெடுதல்.

பார்க்க வேண்டிய இடங்கள்

விவசாய வேலை எதற்கும் வி.பி.என். தேவையில்லை. உழவன் செயலிக்கோ, விலை நிலவரத்துக்கோ, கோவை வேளாண் பல்கலைக்கழக இணையதளத்துக்கோ அது வேண்டியதில்லை. வெளிநாட்டு முகவரியிலிருந்து வருவதுபோலத் தோன்றினால் சில வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கும்.

கைபேசித் திரையின் மேல்பகுதியில் சாவிப் படமோ வி.பி.என். என்ற எழுத்தோ தெரிந்தால், செட்டிங்ஸில் வி.பி.என். என்று தேடிப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள பெயரைக் குறித்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்து, பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அதன் பிறகு செயலியையும் நீக்க வேண்டும். படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டால் செயலி போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. குறுஞ்செய்தி அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்பதையும் அதே செட்டிங்ஸில் பார்த்து, வேண்டாதவற்றுக்கு நிறுத்துவது நல்லது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் போன்று உண்மையாகவே தேவைப்படுவோர், கட்டணம் வாங்கும், வெளியார் தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

பையனைத் திட்டி அடித்துப் பயனில்லை. அடுத்த முறை தெரியாமல் பதிவான். பழைய கைபேசி ஒன்று வீட்டில் இருந்தால், வங்கிக் கணக்கு சேராத சிம்மைப் போட்டு அவனிடம் அதைக் கொடுத்துவிடலாம். செயலியை நீக்கிய பின் வங்கி, ஜி-பே கடவு எண்களை மாற்ற வேண்டும். கணக்கில் பணம் குறைந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதிவு செய்து, வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.