பழைய காசுக் கடையில் அடிக்குது யோகம்! விவரம் தெரிஞ்சவர் வாயைத் திறக்கணுமா?

சேலம்:

பழைய காசு விற்கிற கடை. தட்டு நிறைய வெள்ளி ரூபாய். "எதை எடுத்தாலும் ஒரே விலைதாங்க" என்கிறார் கடைக்காரர். வந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். ஒரு காசில் கண் நிற்கிறது. ஆண்டு 1939. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், சாதா காசு நாலைந்தோடு அதையும் சேர்த்து எடுத்து, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்.

கேட்ட விலையைக் கொடுத்தார். பொய் சொல்லவில்லை. பேரம்கூடப் பேசவில்லை. ஆனாலும் இது நியாயமா? காசு சேர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அமெரிக்காவில் இப்படிப் பொறுக்கி எடுப்பதற்கு 'செர்ரி பிக்கிங்' என்று பேர். எந்தக் காசில் எதைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகமே 1990-ல் அங்கே வந்துவிட்டது.

ஒரு வருஷத்தில் என்ன இருக்கு?

ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயில் 1939-ம் ஆண்டு பம்பாய் காசு கிடைப்பது அபூர்வம். 1940-க்குப் பிறகு வந்தவை தாராளமாகக் கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இதில் இன்னொரு சங்கதி. 1939 வரை ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-ல் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, வெறும் நிக்கல்.

ஆண்டு பழசானால் விலை ஏறும் என்று நினைப்பது தப்பு. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயை அதே ஆண்டைப் போட்டு 1874 வரை அடித்தார்கள். எந்த வருஷத்துக் காசு என்பது அதிலுள்ள சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்துத்தான் தெரியும். இதெல்லாம் பூதக்கண்ணாடி பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

சேலத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இது கொலுசு ஊர். செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளி உருக்காத நாள் இல்லை. பழைய ரூபாய் எடைக்குப் போனால் 11.66 கிராம் காசு, அவ்வளவுதான். அபூர்வக் காசா, சாதா காசா என்பது உலைக்குத் தெரியாது. அப்படிப் போக இருந்த காசை ஒருவர் தட்டிலிருந்து பொறுக்கி எடுத்தால் காசாவது பிழைக்கிறது. காசு பிரியர்கள் தங்கள் பக்கத்து நியாயமாக இதைத்தான் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் வசதியான நியாயம்தான். ஆனால் பொய் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்கிறது 17-வது பிரிவு. அதற்கு உதாரணமும் தந்திருக்கிறது. இரண்டு வியாபாரிகள் பேரம் பேசுகிறார்கள். விலை மாறியது ஒருவருக்கு மட்டும் தெரியும். அதை அவர் மற்றவரிடம் சொல்லியாக வேண்டியது இல்லை. பொருளின் மதிப்பைத் தப்பாக எடைபோட்டதற்காக வியாபாரம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது 20-வது பிரிவு.

அதாவது தட்டில் விலை போட்டவர் கடைக்காரர். அது அவர் தொழில். புத்தகம் பார்த்து விலை போடவேண்டியது அவர் பொறுப்பு.

ஆனால் கடைக்காரர், "ஏனுங்க, இது ஏதாச்சும் நல்ல காசுங்களா?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். தெரிந்துகொண்டே "அட, சாதா காசுதானுங்க" என்று சொன்னால் கதையே வேற. அது பொய் சொல்லி வாங்கியது. அதே 17-வது பிரிவில் அது மோசடி. 19-வது பிரிவின்படி விற்றவர் அந்த வியாபாரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். விலை அதிகம் போட்ட தட்டில் இருந்த காசை எடுத்து மலிவுத் தட்டில் போட்டு வாங்குவதும் இதே கணக்குதான். அதற்குப் பேர் சாமர்த்தியம் இல்லை.

பாட்டி சுருக்குப்பை

கடைக்காரர் விஷயம் இப்படி. வீட்டில் இருக்கிறவர்கள் விஷயம் வேறு. மருத்துவச் செலவுக்கோ, பேத்தியின் காலேஜ் பீசுக்கோ பாட்டி சுருக்குப்பையை அவிழ்க்கிறார். விலை என்ன என்று அவருக்குத் தெரியாது. வாங்க வந்தவரையே, "நீயே பாத்துக் குடு சாமி" என்கிறார். இங்கே விலையைச் சொல்வதே வாங்குகிறவர்தான். நம்பி விட்டபிறகு வாயை மூடிக்கொள்வது பேரம் ஆகாது. சொல்லவேண்டிய கடமை இருக்கிற இடத்தில் மௌனமும் மோசடிதான் என்று அதே சட்டம் சொல்கிறது. இந்த இடம் அப்படிப்பட்டதா என்பதை வழக்கு என்று வந்தால் கோர்ட்டு பார்க்கும். ஊர் பார்க்கிறதுக்கு கோர்ட்டு வேண்டியது இல்லை.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் கதை இரண்டுக்கும் நடுவில். அவரும் வியாபாரிதான். ஆனால் காசு வியாபாரி இல்லை. பித்தளை எடையில் வந்ததைப் பித்தளை எடைக்கே தள்ளிவிடுவார். அவரிடம் நல்ல காசு எடுத்தவர்கள் கையில் கூட நூறு, இருநூறு வைத்துவிட்டு வருவதும் உண்டு. மனசு உறுத்துவது ஒன்று, அடுத்த தடவையும் அவர் நமக்கே எடுத்து வைப்பார் என்பது இன்னொன்று.

இரண்டு பேருக்குமே தெரியாமல்...

தமிழ்நாட்டில் பேர் பெற்ற ஒரு காசும் வியாபாரி கையிலிருந்து வந்ததுதான். 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021-ல் மறைந்த நாணய ஆய்வாளர் இரா.கிருஷ்ணமூர்த்தி, 1980-களில் மதுரையில் ஒரு வியாபாரியிடம் பழைய செப்புக் காசுகள் வாங்கினார். சுத்தம் செய்து பார்த்தால் ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்து. 'பெருவழுதி' என்று இருந்தது. சங்ககாலப் பாண்டியன் பேர்! சங்ககாலத்தைக் கணக்கிட அந்தக் காசு பெரிய சாட்சி ஆகிவிட்டது.

இங்கே விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் படித்துப் பார்க்கும்வரை தெரியாது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதைவிட முக்கியம், அவர் அதைப் பெட்டியில் பூட்டாமல் எழுதி ஊருக்கே சொன்னார்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியர் காசும் கிடைத்திருக்கின்றன. 'கொல்லிப்புறை' என்று எழுத்துள்ள சேரர் காசும் அதில் ஒன்று. நாமக்கல் கொல்லிமலையோடு சேர்த்து அதை ஆய்வாளர்கள் பேசுகிறார்கள்.

மண்ணுக்குள் கிடைத்தால்?

கிணறு வெட்டும்போதோ, தோட்டத்தில் உழும்போதோ பானையில் காசு கிடைத்தால் மேலே சொன்ன பேச்சே கிடையாது. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் கலெக்டருக்குத் தகவல் தரணும். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். அதை மலிவாக வாங்கிப் போகிறவரும் வம்பை விலைக்கு வாங்குகிறார். 100 வருஷம் தாண்டிய காசு 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கடைசியாக, எதிர்ப்பக்கம் இருந்து வரும் ஆபத்து. "உங்க பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் பணம்" என்று போன் வந்தால் உஷார். ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி கமிஷன், வரி கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வீட்டில் பழைய காசு இருந்தால் ஆண்டைக் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொட்ட வேண்டாம். சோப்பு, புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்த காசுக்கு விலை பாதிகூட வராது.